பால்வெளியின் நடுவைப் பார்க்க எது தோது: தென்துருவப் பனியா, மத்தியதரைக் கடலா?

நியூட்ரினோ என்பது எதையும் ஊடுருவிச் செல்லும் நுண்துகள். அது பனியிலோ நீரிலோ அபூர்வமாக மோதும்போது எழும் ஒளியைப் பிடிக்கும் நியூட்ரினோ தொலைநோக்கிகள் வானத்தைக் காலடி வழியாகத்தான் பார்க்கின்றன. தலைக்கு மேலே, விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கும் மியூவான் துகள்கள் மழையாகக் கொட்டுகின்றன. அவற்றால் பூமியைத் துளைக்க முடியாது, நியூட்ரினோவால் முடியும். அதனால் கீழிருந்து வருவதை நம்பலாம், மேலிருந்து வருவதைச் சலித்தெடுக்க வேண்டும்.

தென்துருவத்து நியூட்ரினோ தொலைநோக்கியான ஐஸ்கியூபுக்குத் தலைவலியே இதுதான். 2010 டிசம்பரில் கட்டி முடித்தார்கள். ஒரு கன கிலோமீட்டர் பனிக்குள் 86 வடங்கள், 5,160 கண்ணாடிக் கோளங்கள். ஒவ்வொரு கோளத்துக்குள்ளும் ஒளியை உணரும் ஒரே ஒரு பெரிய குழாய், அதுவும் முகத்தைக் கீழே திருப்பிக்கொண்டு. பால்வெளியின் நடுவோ அங்கே மறைவதே இல்லை. எப்போதும் அடிவானத்துக்கு 29 டிகிரி மேலேயே சுற்றுகிறது. வீட்டு வாசலில் நிற்பவரைக் கொல்லைப்புறம் பார்த்துத் தேடுவது மாதிரி.

ஆனாலும் 2023 ஜூனில் பால்வெளிப் பட்டையிலிருந்து நியூட்ரினோ வருவதை 4.5 சிக்மா உறுதியோடு (தற்செயலாக நடந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதற்கான அளவு; 5 இருந்தால் கண்டுபிடிப்பு என்பார்கள்) காட்டியது ஐஸ்கியூப்தான். நீளமான ஒளித்தடங்களை விட்டுவிட்டு, பந்து போலப் பரவும் ஒளிச்சிதறல்களை மட்டும் எடுத்து, பத்தாண்டுத் தரவை இயந்திரக் கற்றலில் சலித்தார்கள். விலை என்ன? திசை பல டிகிரிக்கு மங்கிவிடும். பட்டை தெரிகிறது, நடுவில் எது ஒளிர்கிறது என்று தெரியவில்லை.

சரி, சிசிலிக்கு அருகே ஏறத்தாழ 3,500 மீட்டர் ஆழத்தில், மத்தியதரைக் கடலடியில் வளரும் ஆர்கா என்ற நியூட்ரினோ தொலைநோக்கியைப் பாருங்கள். அங்கே பால்வெளியின் நடு நாளில் சுமார் 15 மணி நேரம் அடிவானத்துக்குக் கீழே கிடக்கிறது. பனியைவிட நீரில் ஒளி குறைவாகச் சிதறுவதால் தடத்தின் திசை கூர்மையாகக் கிடைக்கும். கோளத்துக்கு 31 சின்னக் குழாய்கள், எல்லாப் பக்கமும் கண். தொல்லைகளும் உண்டு: உப்பிலுள்ள கதிரியக்கப் பொட்டாசியம்-40 மினுக்கும், கடலுயிர்கள் ஒளிரும், நீரோட்டத்தில் வடம் ஆடும். வடம் எங்கே நிற்கிறது என்பதையே ஒலியலை வைத்து அளக்க வேண்டியிருக்கிறது.

நடு மட்டும்தான் இலக்கு என்றால் என் ஓட்டு ஆர்காவுக்கே. திட்டமிட்ட 230 வடங்களில் வெறும் 21 இருந்தபோதே, 2023 பிப்ரவரி 13 அன்று சுமார் 220 பெட்டா எலெக்ட்ரான் வோல்ட் என்ற பிரம்மாண்ட ஆற்றலுள்ள நியூட்ரினோ ஒன்றைப் பிடித்தது. என்ன, அது வந்த திசை பால்வெளியின் நடு இல்லை. அதற்கு முன் பிரான்ஸின் தூலோன் அருகே 12 வடங்களோடு 2022 வரை ஓடிய அன்டாரஸ் தொலைநோக்கிக்கும் பால்வெளியின் நடுப்பகுதியிலிருந்து ஒரு லேசான அறிகுறி கிடைத்தது; 2.2 சிக்மாதான், அதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது.

அப்புறம் ரஷ்யாவின் பைக்கால் ஏரிக்குள் இருக்கும் நியூட்ரினோ தொலைநோக்கி. இன்னும் வடக்கே இருப்பதால் பார்க்கும் கோணம் அதற்கும் சாதகம்தான். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அந்தப் பனித்தளத்தின் மேலேயே முகாம் போட்டு, துளையிட்டு வடங்களை இறக்குகிறார்கள், கப்பலே வேண்டாம்.