நுஞ்சாக்கு: கயிறா, சங்கிலியா?

கராத்தே வகுப்பில் நுஞ்சாக்கு, அதாவது கயிறோ சங்கிலியோ இணைக்கும் இரட்டைக் கட்டை ஆயுதம், கையில் எடுத்ததும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "சங்கிலி போட்டது நல்லதா, கயிறு கட்டியது நல்லதா?" என்பதுதான். கடையில் வாங்குகிறவர் எது பிடிக்கிறதோ அதை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கட்டை கடைந்து, துளை போட்டு, தானே கோத்துக்கொள்கிறவருக்கு நான் கயிற்றைத்தான் சொல்வேன்.

சங்கிலியின் சுகம் எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் பேரிங் வைத்த நல்ல சங்கிலி என்றால் கட்டை முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு சுற்றும். வேகமாகச் சுழற்றி, விரல் மேல் உருட்டி விளையாடுகிறவர்கள் அதை விரும்புவது நியாயமே. சிக்கல் என்னவென்றால், அந்த பேரிங் கிண்ணம் கட்டையின் உச்சியில் நட்ட நடுவில், ஆடாமல் உட்கார வேண்டும். கைத்துரப்பணத்தால் அவ்வளவு துல்லியமாகத் துளைப்பது கடினம். அதனால் பலரும் ஹார்டுவேர் கடையில் வளையம் வைத்த திருகாணியை வாங்கி, உச்சியில் முறுக்கி, சங்கிலியை மாட்டிவிடுகிறார்கள்.

நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். மூன்றாம் வாரம், தோளுக்கு மேல் சுழற்றும்போது ஒரு கட்டை கழன்று பறந்துபோய் பீரோ கண்ணாடியை உடைத்தது. ஒரு நிமிஷம் முன்பு தங்கை அந்த இடத்தில் நின்று தலைவாரிக்கொண்டிருந்தாள். கீழே கிடந்த திருகாணியை எடுத்துப் பார்த்தேன். ஆணி வளையவில்லை, உடையவில்லை. அதன் மரைகளுக்கு நடுவே மரத்தூள் மட்டும் அப்பியிருந்தது. மரத்தின் நார் நீளவாக்கில் ஓடுவதால், வெட்டுமுகத்தில் இறக்கும் திருகாணிக்குப் பிடிப்பு குறைவு. போதாததற்கு, கட்டை சுழலச் சுழல ஆணி தானே திருகிக்கொண்டு வெளியே வரும்.

கயிறு அப்படி ஏமாற்றாது. நைந்தால் கண்ணுக்குத் தெரியும், தொட்டால் கைக்குத் தெரியும். சங்கிலியில் ஒரு கண்ணி விரிவதைப் பல நேரம் அறுந்த பிறகே பார்க்கிறோம். ஜப்பானின் ஒகினாவா தீவில் அந்தக் காலத்தில் குதிரை முடியைத் திரித்துக் கட்டினார்கள் என்பார்கள். இன்றைக்கு நைலான்தான். அதில் நான் நம்புவது பாராகார்டு எனும் பாராசூட் கயிறு. 550 என்ற ரகம் சுமார் 4 மி.மீ. கனம், உள்ளே 7 இழை, ஏறக்குறைய 250 கிலோ வரை தாங்கும். பருத்திக் கயிறு வியர்வையில் மட்கிவிடும். துணி காயப்போடும் சாதா பிளாஸ்டிக் கயிறு முடிச்சில் நழுவும்.

கோப்பதற்கு ஒவ்வொரு கட்டையின் உச்சியிலும் நேராக ஒரு துளை, அதைச் சந்திக்கும்படி பக்கவாட்டில் ஒரு புறமிருந்து மறுபுறம் வரை குறுக்கே ஒரு துளை. கயிறு முதல் கட்டையின் பக்கத் துளையில் நுழைந்து உச்சி வழியாக வெளியே வரும். அப்புறம் அடுத்த கட்டையின் உச்சியில் இறங்கி, பக்கத்தில் வெளிவந்து, கட்டையை அரைவட்டம் சுற்றி எதிர்ப்பக்கத் துளையில் புகுந்து, வந்த வழியே முதல் கட்டைக்குத் திரும்பும். இப்போது நடுவில் இரண்டு இழை. முனைகளை இறுக முடிச்சிட்டு, லைட்டரால் உருக்கி, முடிச்சைத் துளைக்குள் அழுத்திவிடலாம். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: உச்சித் துளையின் விளிம்பை உப்புத்தாளைச் சுருட்டி நன்றாக மழுக்க வேண்டும். கயிறு அறுவது பெரும்பாலும் அந்த விளிம்பில்தான்.

மரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ஓக் மரம். நம் ஊரில் பலர் தேக்குக்கு ஓடுகிறார்கள். தேக்கு கடைவதற்கு இலகு, பார்க்கவும் அழகு, ஆனால் கட்டையும் கட்டையும் மோதினால் குழி விழும், துளைப் பக்கம் பிளவும் கண்டிருக்கிறேன். வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் போன கருவேலம் இதற்கு எவ்வளவோ மேல். வைரம் பாய்ந்த கட்டையாக, கணு இல்லாமல், ரேகை நேராக ஓடுகிறதா என்று பார்த்து எடுத்து, கடைசல் பட்டறையில் 3 செ.மீ. கனத்துக்குக் கடைந்து வாங்குங்கள். நீளம், உள்ளங்கை நடுவிலிருந்து முழங்கை மடிப்பு வரை. வார்னிஷ் வேண்டாம், வியர்த்தால் வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு போதும்.

கயிற்றை மாற்றும்போது பழைய கயிற்றை வைத்து அளவு எடுக்காதீர்கள். நைலான் இழுபட்டு நீண்டிருக்கும். கையை நீட்டி, நுஞ்சாக்கை உள்ளங்கைக்குக் குறுக்கே போட்டால் இரண்டு பக்கமும் கட்டை நேராகத் தொங்க வேண்டும். நடுக்கயிறு உள்ளங்கை அகலம், அவ்வளவுதான். புதுக்கயிறும் முதல் சில நாளில் கொஞ்சம் நீளும் என்பதால், ஒரு நூல் அளவு நீளம் குறைவாகவே கட்டிக்கொள்ளுங்கள்.