சர்க்கரை நோயாளிக்கு மளிகை வாங்கும்போது: அரிசியா, கேழ்வரகா, சாமையா?

வேலூர் லாங் பஜாரில், வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை நோய் என்று சொல்லி மளிகை கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் கேழ்வரகு மாவையோ சாமையையோ எடுத்து வைப்பார். அரிசிக்கு மாற்றாக இரண்டும் நல்லவைதாம். ஆயினும் எவ்வளவு, எந்தப் பக்குவத்தில் என்று கேட்காமல் வாங்கினால் அந்த நன்மை பாதியிலேயே நின்றுவிடும்.

சமைக்காத தானியத்தை 100 கிராமுக்குக் கணக்கிட்டால், தீட்டிய வெள்ளை அரிசியில் சுமார் 78 கிராமும், கேழ்வரகில் 67 கிராமும், சாமையில் 66 கிராமும் மாவுச்சத்து இருக்கிறது. இந்த இடைவெளி பலர் நினைப்பதைவிடச் சிறியது. நார்ச்சத்தில்தான் உண்மையான வேறுபாடு தெரிகிறது: அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு, சாமையில் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு, கேழ்வரகில் சுமார் 11. ஆகவே, சோற்றைத்தானே நிறுத்தினோம் என்று தட்டு நிறையக் களி வைத்தால், உணவுக்குப் பிந்தைய சர்க்கரை அளவு குறையாமல் இருப்பதில் வியப்பில்லை.

நம் வடஆற்காட்டுக் களியில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. முதலில் அரிசி நொய்யை வேகவைத்து, அதன் மேல் கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டியில்லாமல் கிளறி, ஈரக் கையில் ஒட்டாத பதம் வந்ததும் உருட்டுகிறோம். நொய் கூடினால் களி மென்மையாகும். அரிசியும் கூடவே ஏறும். நொய்யின் அளவைக் குறைத்தோ, அதற்குப் பதில் சாமை நொய்யைப் போட்டோ செய்து, சிறிய உருண்டை ஒன்றைக் கீரைக் கடைசலோடு பரிமாறுவதே என் தேர்வு. கூழ் அதே மாவில் செய்ததே என்றாலும், மெல்லாமல் மடமடவெனக் குடித்துவிடுவதால் சர்க்கரையை விரைவாக ஏற்றக்கூடும், அளவும் கைமீறும்.

சாமை வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்று வெண்மையாக இருப்பது தவிடு நீங்கத் தீட்டியது. மங்கலான பழுப்பு நிறம் படிந்திருப்பதே நார்ச்சத்து மிஞ்சியது. ஜவ்வாது மலைச் சாமை என்று கேட்டு வாங்குவோரும் இதைப் பார்த்தே வாங்க வேண்டும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத சாமை விரைவில் சிக்கு வாடை பிடிக்கும். மாதக்கணக்கில் சேர்த்துவைக்காமல் ஒரு கிலோவாக வாங்குவது நல்லது.

அரிசியை அடியோடு விலக்கத் தேவையில்லை. பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி பொதுவாக மேலானது. சோற்றை ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் கருப்புக் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, கொள்ளு ஆகியவற்றைச் சேர்ப்பதுதான் நான் கண்டவரை பணத்துக்கேற்ற பலன் தருவது. 100 கிராம் கொண்டைக்கடலையில் சுமார் 18 கிராம் புரதமும் 20 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கென்றே விற்கும் பிஸ்கட்டுக்கு இந்தத் தகுதி இல்லை. 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்ற எழுத்தை விட்டுவிட்டு உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். எடை அதிகமானது முதலில் வரும் என்பதால், மைதா தலைவரிசையில் இருந்தால் விஷயம் விளங்கிவிடும். அதே காசுக்கு வறுத்த வேர்க்கடலை ஒரு பிடி வாங்கினால் பசியும் அடங்கும்.

சர்க்கரையா, வெல்லமா, பனைவெல்லமா, தேனா என்ற போட்டியில் வெற்றியாளர் இல்லை; எல்லாம் இரத்தச் சர்க்கரையை ஏற்றுபவையே.

காய்கறியில் தேர்வு எளிது. நேதாஜி மார்க்கெட்டில் கிடைக்கும் கீரை, அவரை, பீர்க்கங்காய், புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் எல்லாமே பொருந்தும். கத்திரிக்காய் எண்ணெயை உறிஞ்சும் என்பதால், பிரியாணிக்குச் செய்யும் தொக்காக இல்லாமல் கூட்டாகச் செய்தால் போதும். பழத்தில் கொய்யாவைக் கடித்துத் தின்பது எந்தப் பழச்சாற்றையும்விடச் சிறந்தது. சிறுநீரகப் பாதிப்பும் உள்ளவர்களுக்குப் பருப்பு, பழம், கீரை அளவுகள் மாறும்; அவர்களுக்கான பட்டியலை உணவியல் நிபுணரே வகுக்க வேண்டும்.

இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவருக்கு மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும் என்பதால், மாற்றத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுக்கமும் வியர்வையும் கண்டால் உடனே 15 கிராம் அளவுக்குக் கொடுக்க, குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றையும் இந்த மளிகையோடு வாங்கிவைக்க வேண்டும்.