ட்ராக் சோ வாங்க நினைக்கிறவர்கள் கவனம்: "ஜப்பான் ரீகண்டிஷன், ரெயிலோடு முழு செற்"

ட்ராக் சோ என்பது, பலகையின் மேல் வைத்த நேரான அலுமினிய ரெயிலில் வழுக்கிக்கொண்டு வெட்டும் மின்சார வட்ட வாள். முகநூலில் இப்படி விளம்பரம் போட்டு அதை விற்கும் ஒருவரிடம் கொக்குவில் பக்கத்துப் பட்டறை ஒன்று பெரிய தொகையை இழந்திருக்கிறது. அலுமாரி, பான்ட்ரி கபேட் செய்யும் பட்டறை. புது மெஷினின் விலையில் பாதிக்குச் சற்று மேலே கேட்டார்கள். காசு முழுவதும் வங்கியில் போட்ட பிறகுதான் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சல் வந்தது. விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை. ஒரு பக்கத்தை மூடிவிட்டு அடுத்த பெயரில் இன்னொன்றைத் திறக்கிறார்கள், ஆகவே பெயரால் பிரயோசனம் இல்லை. பெட்டிக்குள் என்ன பிழை இருந்தது, அதைக் காசு கொடுக்க முதல் எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதையே எழுதுகிறோம்.

முதல் பிழை, எல்லாவற்றிலும் பெரியது, வோல்ற்றேஜ். விளம்பரத்தில் 230 வோல்ற் என்று இருந்தது. வந்த மெஷினில் நம்மூர் 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கும் பூட்டியிருந்தது. சுவிச்சை அழுத்தியதும் மோட்டர் வழக்கத்துக்கு மாறாக அலறி, காற்றுத் துவாரத்தால் நீலப்பொறி பறந்து, புகை வந்துவிட்டது. பிறகு பெயர்த்தகட்டின் மேல் ஒட்டியிருந்த "பரிசோதிக்கப்பட்டது" என்ற ஸ்டிக்கரை உரித்தால் கீழே 100 வோல்ற் என்று இருக்கிறது. ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ற். நம்முடையது 230. கார்பன் பிரஷ் உள்ள இந்த வகை மோட்டருக்கு 50 ஹேர்ட்ஸ், 60 ஹேர்ட்ஸ் வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் வோல்ற்றேஜ் 2.3 மடங்கானால் சுருளில் ஏறும் வெப்பம் ஐந்து மடங்கைத் தாண்டும். ஆமேச்சரும் (மோட்டரின் சுழலும் சுருள்) வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்கிட் பலகையும் சேர்ந்தே போயின. ஆமேச்சரை யாழ்ப்பாணத்திலேயே சுற்றலாம். அந்தப் பலகையைத் தேடி எடுப்பது லேசான காரியமில்லை.

கேட்டதற்கு வந்த பதில்: "அண்ணை, ஜப்பான் சாமானெண்டா ட்ரான்ஸ்போமர் போடோணும் எண்டு உங்களுக்குத் தெரியாதே?" 230 என்று விளம்பரத்தில் எழுதி, 13 அம்பியர் பிளக்கையும் பூட்டி அனுப்பியவர் சொன்ன பதில் இது. அத்தோடு நம்பரையும் மறித்துவிட்டார்.

கனடாவில் இருந்து உறவினர் கொண்டுவரும் மெஷினுக்கும் இது பொருந்தும். அங்கே 120 வோல்ற். லண்டனில் இருந்து வருவதில் 230 வோல்ற்றும் உண்டு, கட்டட வேலைத்தளங்களுக்கென்று செய்த 110 வோல்ற்றும் உண்டு. மஞ்சள் நிற வட்டப் பிளக் பூட்டியிருந்தால் அது 110. பிளக்கை வெட்டி மாற்றியிருந்தால் அந்த அடையாளமும் போய்விடும். ஆகையால் பிளக்கைப் பார்க்காதீர்கள், பெயர்த்தகட்டைப் பாருங்கள். மொடல் இலக்கம், தொடர் இலக்கம், வோல்ற், வற் நான்கும் தெரியும்படி படம் கேளுங்கள். தகட்டின் மேல் ஸ்டிக்கர் இருந்தால், அல்லது படத்தில் அந்த இடம் மட்டும் வெட்டுப்பட்டிருந்தால், அதோடு கதையை விடுங்கள். வயரோடு சேர்த்து வார்த்த பிளக்கா, ஸ்க்ரூ போட்டுப் பூட்டியதா என்றும் பாருங்கள். ஸ்க்ரூ பிளக் என்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அதற்கு நேர்மையான காரணமும் இருக்கலாம், ஆனால் கேட்டே ஆகவேண்டும்.

ட்ரான்ஸ்போமர் போட்டுப் பாவிக்கலாமா என்றால், பாவிக்கலாம். 1300 வற் மெஷின் 100 வோல்ற்றில் 13 அம்பியர் இழுக்கும். தொடர்ந்து 2 கேவிஏ தாங்கும் ட்ரான்ஸ்போமருக்குக் குறைந்தது சரிவராது. வேலைத்தள ட்ரான்ஸ்போமர்களில் எழுதியிருக்கும் பெரிய எண், இடையிடையே ஓய்வு கொடுத்துப் பாவிப்பதற்கானது. தொடர்ந்து தாங்குவது ஏறக்குறைய அதில் பாதிதான். அதன் விலையையும் சுமையையும் கூட்டிப் பார்த்தால் மலிவு என்ற பேச்சே அடிபட்டுப் போகும்.

அடுத்தது ரெயில். மோட்டர் எரியாமல் இருந்திருந்தாலும் அந்தச் செற்றால் ஒரு பிளைவுட் தாளை நேராகப் பிளந்திருக்க முடியாது. "1400 ரெயில்", அதாவது 1400 மில்லிமீற்றர் நீளம், என்றார்கள், வந்தது 70 சென்ரிமீற்றர் துண்டு இரண்டு. அதுவும் வேறு பிராண்டின் ரெயில். மெஷினின் அடித்தட்டுப் பள்ளம் ரெயிலின் மேட்டில் உட்காரவில்லை. இரண்டு சரிசெய் குமிழ்களையும் முழுவதும் திருகியும் பக்கவாட்டு ஆட்டம் நிற்கவில்லை.

எல்லா ரெயிலும் எல்லா மெஷினுக்கும் பொருந்தாது. மகிட்டா, ஃபெஸ்டூல் ஆகிய இரண்டு பிராண்டின் ரெயில் மேடும் ஒரே அமைப்பு, ஒன்றின் மெஷின் மற்றதில் ஓடும். ஆனால் சரிவாக வெட்டும்போது மெஷின் கவிழாமல் பிடிக்கும் மகிட்டாவின் கொளுக்கி, ஃபெஸ்டூல் ரெயிலில் பிடிக்காது. போஷ் தன் புதிய வகை ரெயிலை மஃபெலோடு பகிர்கிறது. டிவால்ட்டின் மேடு நடுவில் இருக்கும், இரு பக்கத்தாலும் வெட்டலாம், மற்ற மெஷின்களுக்கு உதவாது. "எந்த மெஷினுக்கும் போகும்" என்று விற்பவர் சொன்னால் அங்கேயே பூட்டி, குமிழ்களைத் திருகி, ஆட்டமில்லாமலும் இறுகாமலும் வழுக்குகிறதா என்று பார்க்கவேண்டும்.

நீளக் கணக்கு இப்படி. எட்டடித் தாள் 2440 மில்லிமீற்றர். அதை நெடுக்காகப் பிளக்க 2440 போதாது. தாளுக்கு வெளியே மெஷினை வைத்துத் தொடங்கவும், வெளியே போய் முடிக்கவும் இரு பக்கமும் இடம் வேண்டும். 1400 இரண்டை இணைத்தால் 2800, அது அளவாக வரும். 70 சென்ரிமீற்றர் துண்டுகள் நாலைச் சேர்த்தாலும் அதே நீளம்தான், ஆனால் மூன்று மூட்டு. ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை வளைந்தாலும் மற்ற முனையில் வெட்டு விலகிவிடும். தாளின் அகலத்தை, அதாவது 1220 மில்லிமீற்றரை, வெட்டுவதற்கு 1400 ஒரே துண்டாக இருப்பதுதான் நல்லது. மூட்டுப் போட்டால் இணைப்புத் தகட்டை இறுக்க முதல் ரெயிலின் பின்விளிம்பில் நேரான அலுமினியம் கட்டை ஒன்றை அணைத்து வைத்து, பிறகு இறுக்குங்கள்.

ரெயில் நேரா என்று பார்க்க ஒரு பென்சில் போதும். பிளைவுட்டில் ரெயிலை வைத்து விளிம்பால் கோடு கீறுங்கள். ரெயிலை முனை மாற்றித் திருப்பி, அதே விளிம்பை அந்தக் கோட்டின் இரு முனைகளிலும் பொருத்தி மீண்டும் கீறுங்கள். நடுவில் இரண்டு கோடுகளுக்கும் இடையில் தெரியும் இடைவெளி, உண்மையான வளைவின் இரண்டு மடங்கு. பஸ்ஸின் மேல் கட்டி வந்த ரெயிலுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

பாவித்த ரெயிலில் இன்னொரு சங்கதி உண்டு, பலருக்குத் தெரியாது. விளிம்பில் ஒட்டியிருக்கும் கறுப்பு ரப்பர் பட்டி புதிதாக வரும்போது சற்று வெளியே நீண்டிருக்கும். முதல் வெட்டில் உங்கள் மெஷினின் பிளேட்டே அதைத் தன் கோட்டுக்குச் செதுக்கிக்கொள்ளும். பிறகு அந்தப் பட்டியின் விளிம்புதான் வெட்டுக்கோடு, பலகையின் மெலமைன் மேற்பூச்சு சிதறாமல் அமத்திப் பிடிப்பதும் அதுவே. வேறு மெஷினுக்குச் செதுக்கிய பட்டி உங்கள் பிளேட்டில் இருந்து ஒன்றிரண்டு மில்லிமீற்றர் விலகி நின்றால் அளவும் பிழைக்கும், ஓரமும் சிதறும். பட்டியை உரித்து, பசையைத் தின்னரால் துடைத்து, புதிதை ஒட்டலாம். அந்தச் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள். பட்டி ரெயில் பக்கத்தை மட்டுமே காக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கழிவுப் பக்கம் சிதறத்தான் செய்யும், அந்தப் பக்கத்துக்கென்று தனிக் காப்புத் துண்டு உள்ள மொடல் என்றாலொழிய.

பிளேட் விஷயம் சுருக்கமாக. மகிட்டா, டிவால்ட், போஷ் ட்ராக் சோக்களில் வழமையானது 165 மில்லிமீற்றர் பிளேட், 20 மில்லிமீற்றர் துளை. ஃபெஸ்டூல் ரிஎஸ் 55 மொடலில் 160. பார்சலில் வந்தது 30 மில்லிமீற்றர் துளையுள்ள பிளேட், உள்ளே தளர்ந்த வளையம் ஒன்று. கையால் சுற்றும்போதே பிளேட் நெளிந்தது. பல்லும் 24 தான். அது மரத்தை நெடுக்கே பிளக்கலாம். மெலமைனுக்கு 48 பல் வேண்டும்.

மெஷினின் உடம்பில் பார்க்கவேண்டியவை: பிளக்கைக் கழற்றிவிட்டு, மெஷினை மெதுவாகக் கீழே அமத்திக் கையைத் தளர்த்தினால் பிளேட் தானாக முழுவதும் மேலே ஏறவேண்டும். பாதியில் நின்றால் ஸ்பிரிங் களைத்துவிட்டது, அல்லது அடித்தட்டு விழுந்து வளைந்திருக்கிறது. கடற்காற்றில் கிடந்த அடித்தட்டில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், பள்ளம் அரித்திருந்தால் ரெயிலில் ஓடாது. ஃபெஸ்டூல் ரிஎஸ் 55 இல் பிளேட்டின் பின்னால் பிளவு மூடாமல் தடுக்கும் கத்தித் தகடு உண்டு. அப்படிப்பட்ட மொடலில் தகடு இல்லாமல் வெறும் போல்ட் துளை மட்டும் தெரிந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஈர முதிரையிலோ வேம்பிலோ பிளவு இறுகிப் பிளேட்டைப் பிடித்தால் மெஷின் உங்களை நோக்கித் தாவும். அது கை போகிற விஷயம்.

பிறகு ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். பிளேட்டை முழு ஆழத்துக்கு இறக்கி, அந்தப் பல் முன்னால் இருக்கும்போது அடித்தட்டுப் பள்ளத்தின் ஓரத்தில் இருந்து அளந்து, அதே பல்லைப் பின்னால் சுற்றி மீண்டும் அளக்கவேண்டும். பின்பக்கம் துளியளவு வெளியே விலகி இருக்கலாம், ரெயிலை நோக்கி உள்ளே வரக்கூடாது. வந்தால், மேல்நோக்கி எழும் பின்பற்கள் நல்ல பக்கத்தை உரசி எரித்து, மெலமைனைப் பெயர்க்கும்.

விற்பவர் ஆழத்தைச் சொல்லும்போது ரெயில் இல்லாத கணக்கையே சொல்வார். மகிட்டா எஸ்பி 6000 நேராக 56 மில்லிமீற்றர் வெட்டும். ரெயிலில் வைத்தால் அதில் சுமார் 5 குறையும். இரண்டு அங்குலக் கதவுச் சட்டம் வெட்ட வாங்குகிறவர் இதைக் கவனிக்கவேண்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் மெஷினைக் கழற்றாதீர்கள், ஆமேச்சரைச் சுற்றக் கொடுக்காதீர்கள். பெயர்த்தகடு, மேலே இருந்த ஸ்டிக்கர், பிளக், பார்சல் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுங்கள். விளம்பரத்தை அவர்கள் அழிக்க முதல் ஸ்கிரீன்ஷொட் எடுத்துச் சேமித்து, வங்கிச் சிட்டையோடு வையுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. தொலைபேசியில் சொன்னதோடு நிற்காமல் எழுத்திலும் கொடுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் போய்ச் சேரவேண்டும். "பிறகு மாத்தித் தாறன்" என்று விற்றவர் நாளைக் கடத்துவதன் காரணம் பெரும்பாலும் அந்தத் தவணைதான்.