அட்டை அருமை, புரூஃபை நீங்களே பாருங்கள்

சேலம் கடைவீதியை ஒட்டிய இந்தக் கல்யாணப் பத்திரிகைக் கடையில் அட்டைக்குக் குறைவில்லை. பிள்ளையார் படம் போட்ட சாதா மஞ்சள் அட்டையிலிருந்து ஃபாயில் அடித்த பெட்டி மாடல் வரை மாதிரியைக் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அட்டை விலை தனி, அச்சுக்கூலி தனி என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்ல பழக்கம்.

மாதிரியின் மூலையில் குழைத்த மஞ்சளைத் தொட்டு வைத்துப் பாருங்கள். பளபள லேமினேஷனில் பிடிக்காது. காய்ந்ததும் உதிர்ந்து கவருக்குள் கொட்டும். அரக்குச் சிவப்பில் தங்க மை ஸ்கிரீன் பிரிண்ட் பார்க்க அழகு, ஆனால் பொடி எழுத்தில் சுழி அடைத்துக்கொள்ளும். உறவினர் பெயர் நிறைய வரும் வீட்டுக்கு வெளிர் அட்டைதான் சரி.

குறை, அச்சடிக்கும் முன் சரிபார்க்கத் தரும் புரூஃபில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் யூனிகோடு எழுத்தைப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். பழைய ஃபைல் மேலேயே அடிப்பதால் போன தமிழ் வருடத்தின் பெயர் அப்படியே நிற்கும். 2026 ஏப்ரல் 14 முதல் பராபவ, அதற்கு முந்தியது விசுவாவசு. கிழமை, திதி, நட்சத்திரத்தைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பாருங்கள். தாய்மாமன் இனிஷியலை அந்த வீட்டாரிடமே படித்துக் காட்டுங்கள். அங்கே விழுந்த பிழையை ஸ்டிக்கர் ஒட்டி ஆற்ற முடியாது.

தலையை எண்ணாதீர்கள், வீட்டை எண்ணுங்கள். 400 வீட்டுக்கு 450 அடிக்கலாம். அச்சு முடிந்து ஸ்கிரீனைக் கழுவியபின் இன்னும் 30 மட்டும் கேட்டால் ஸ்கிரீன் கூலி முழுசாக விழும்.

வெளியூர்க்காரர்களுக்குத் தேதியை 70 நாள் முன்பே போனில் சொல்லிவிட வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பத்திரிகை மூன்று, நான்கு வாரம் முன்பு கையில் கிடைத்தால் போதும். மார்கழியில் பத்திரிகை வைக்காத வீடுகள், தை முகூர்த்தம் என்றால் கார்த்திகைக்குள் குலதெய்வத்துக்கு வைத்துவிட்டு விநியோகத்தைத் தொடங்கிவிடுவது நல்லது.

ஏற்காட்டில் கல்யாணம் என்றால் இவர்கள் போட்டுத்தரும் வழிப்படச் சீட்டைக் கட்டாயம் வாங்குங்கள். அதில் இறங்க வேண்டியது சேலம் ஜங்ஷன் என்று இருக்கட்டும், டவுன் ஸ்டேஷன் வேறு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் நேரத்தையும் கணக்கிட்டு, அடிவாரத்திலிருந்து வண்டி கிளம்பும் நேரத்தைப் போடச் சொல்லுங்கள்.

டெலிவரி சொன்ன நாளில் வருகிறது. ஒவ்வொரு கட்டிலும் அடியிலிருந்து ஒன்றை உருவிப் பாருங்கள். மை காயாமல் அடுக்கியிருந்தால், மேல் அட்டையின் முதுகில் தங்க எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி ஒட்டியிருக்கும்.