வெளியே புதிய பேடு, உள்ளே பழைய பேடு

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் காரில் போய்வருபவன் நான். முன்சக்கரத்தில் பிரேக் பிடித்தால் கீச்சென்ற சத்தம். வேகத்தடையில் ஏறி இறங்கினால் டொக் டொக் என்று ஓர் அடி. மஞ்சக்குப்பத்தில் வீட்டுக்குப் பக்கம்தானே என்று ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். மாலையில் ஒரு துண்டுச் சீட்டு வந்தது: முன் பிரேக் பேடு 2,800, லிங்க் ராடு இரண்டு 1,800, கூலி 900. ஆக 5,500 ரூபாய். பேடு என்பது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் தேய்கட்டை. லிங்க் ராடு, சக்கரத்தின் சஸ்பென்ஷனில் இருக்கும் சின்ன இணைப்புக் கம்பி; அது தேய்ந்தால்தான் அந்த டொக் டொக் என்றார்கள். பழைய சாமான்களைக் கேட்டேன். "காயலான் கடைக்காரன் இப்போதுதான் அள்ளிக்கொண்டு போனான் சார்" என்றார் முதலாளி. சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துக் காட்டினார். புத்தம் புதிய பேடு தடிமனாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன்.

கீச் சத்தம் போகவில்லை. திரும்பப் போய்க் கேட்டால், "புது பேடு சார், 500 கிலோமீட்டர் ஓடினால் டிஸ்க்கோடு படிந்துவிடும்" என்றார். புது பேடு படிய வேண்டும் என்பது நிஜம்தான், அதனால்தான் ஏமாந்தேன். மூன்றாவது வாரம் முள்ளோடை அருகே பிரேக்கை மிதித்தபோது, இரும்பை அரத்தால் ராவுவது போல ஓசை கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே சக்கரத்தைக் கழற்றினேன். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, நட்டுகளைத் தளர்த்திய பிறகு ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டும் வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் கை வைக்காதீர்கள். பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் கவ்வியான கேலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கியதும் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. வெளிப்பக்கப் பேடு புதியது. உள்பக்கத்தில் இருந்தது என் பழைய பேடு. தேய்ந்து தேய்ந்து, பின்தகடே டிஸ்க்கில் உரசிக்கொண்டிருந்தது. தேய்மானத்தை எச்சரிக்கும் சின்னத் தகரம் என் வண்டியில் உள்பக்கப் பேடில்தான் இருக்கிறது. பாவம், அது ஒரு மாதமாகக் கத்தித்தான் பார்த்திருக்கிறது. டிஸ்க்கின் உட்புறத்தில் விரலை ஓட்டினால் நகம் பள்ளத்தில் சிக்கியது. அடுத்த சக்கரத்திலும் இதே கதை. நான்கு பேடு கொண்ட செட்டில், டார்ச்சுக்குத் தெரியும் இரண்டை மட்டும் எனக்கு மாட்டியிருக்கிறார்கள்.

கேலிப்பர் நகரும் கைடு பின்கள் துருவேறி இறுகிக் கிடந்தன. நம் ஊர் உப்புக்காற்றுக்குக் கேட்கவா வேண்டும்? கைடு பின் இறுகினால் கேலிப்பர் நகராது, பேடைத் தள்ளும் பிஸ்டன் இருக்கும் உள்பக்கத்துப் பேடே எல்லா வேலையையும் செய்து சீக்கிரம் தேயும். பேடு மாற்றுகிறவர் அந்தப் பின்னைத் துடைத்து, அதற்கான சிலிக்கான் கிரீஸ் வைக்க வேண்டும். 900 ரூபாய் கூலியில் அதுகூட நடக்கவில்லை.

புது செட்டும் புது டிஸ்க்குகளும் வாங்கி நானே மாட்டினேன். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவின் மட்டத்தைப் பாருங்கள். வழிந்து பெயிண்டில் பட்டால் அரித்துவிடும். முடித்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கிக்கொள்ளுங்கள். முதல் மிதிக்கு அது தரைவரை போகும்.

லிங்க் ராடையும் பார்த்துவிட்டேன். கிழிந்த ரப்பர் உறை அப்படியே இருக்க, மேலே கறுப்பு பெயிண்ட் பூசியிருந்தார்கள்.

பழைய பேடுகளை எடுத்துப்போய் முதலாளி மேசையில் வைத்தேன். "உள்பக்கம் நன்றாக இருந்தது சார், அதனால் விட்டோம்" என்றார். "அப்படியானால் மீதி இரண்டு புதுப் பேடு எங்கே?" என்றேன். பையனைத் திட்டிவிட்டு 1,400 ரூபாயை எடுத்து நீட்டினார். லிங்க் ராடு பேச்சை எடுத்ததும் அவருக்குப் போன் வந்துவிட்டது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். முதலில் கேட்டது ரசீதைத்தான். என்னிடம் இருந்தது தேதியும் வண்டி எண்ணும் கடைப் பெயரும் இல்லாத அந்தத் துண்டுச் சீட்டு.