அரை இடம் தள்ளிக் கால் வைக்கும் கூட்டம்

குன்னூரில் மவுண்ட் ரோட்டிலிருந்து இறங்கும் படிக்கட்டு ஒன்றின் ஓரம் என் தையல் கடை. இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன. ஒன்று மின்சாரத்தில் ஓடுவது, மற்றொன்று அப்பா விட்டுச்சென்ற மிதி இயந்திரம். ஐப்பசி மழையில் எங்கேயாவது ஒரு கற்பூர மரம் கம்பிமேல் சாய்ந்தால் போதும், முதலாவது ஊமையாகிவிடும். அப்படிக் கரண்ட் போன ஒரு பிற்பகலில்தான் அக்காள் மகன் தன்னுடைய பழைய நின்டெண்டோ டிஎஸ் லைட் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை வெட்டுமேசைமேல் வைத்தான். மூடி வைத்தால் பவுடர் டப்பா போல இருந்தது.

நாற்பத்தேழு வயதில் எனக்கு வீடியோ கேமா என்று சிரித்தேன். "இதில் துப்பாக்கி எல்லாம் இல்லை மாமா, தாளம்தான். நீங்கள் பஜனையில் ஜால்ரா போட்டவர்தானே, ஆடிப் பாருங்கள்" என்றான். சட்டை ஒன்றுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சட்டை மறுநாள்தான் முடிந்தது.

விளையாட்டின் பெயர் ரிதம் ஹெவன். ஜப்பானில் 2008-இலும் அமெரிக்காவில் 2009-இலும் வந்தது. ஐரோப்பாவில் விற்றதன் பெயர் ரிதம் பாரடைஸ். வாங்குபவர்கள் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றேதான். இதற்கு முன்னோடி 2006-இல் கேம் பாய் அட்வான்ஸ் என்ற பழைய கைக்கருவிக்கு வந்து ஜப்பானைத் தாண்டாத ரிதம் டெங்கோகு. இரண்டிலும் சுன்கு என்ற இசைத் தயாரிப்பாளரின் கை இருக்கிறது. மார்னிங் முசுமே என்ற பெண் பாடகியர் குழுவை உருவாக்கியவர் அவர். கருவியைப் படுக்கவைக்காமல் புத்தகம்போல் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். பொத்தான்களுக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. குச்சியால் திரையைத் தொடுவது, அழுத்திப் பிடிப்பது, சுண்டிவிடுவது ஆகிய மூன்றை வைத்துத்தான் ஏறக்குறைய எல்லா ஆட்டமும்.

ஆட்டங்களைச் சொன்னால் என் மனைவி நம்பவில்லை. ஒன்றில் துறவி ஒருவர் வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார். எங்கிருந்தோ ஒரு கை கொழுக்கட்டைகளை நீட்டுகிறது. அடி தவறாமல் அவர் விழுங்க வேண்டும். இன்னொன்றில் குரங்குகள் கூட்டமாக நின்று ஒரு பாடகிக்குக் கைதட்டுகின்றன, அதில் ஒரு குரங்கு நாம். எனக்கு மிகவும் பிடித்தது மூன்று பையன்கள் சேர்ந்து பாடும் ஆட்டம். மூன்றாமவன் நம் பொறுப்பு. குச்சி திரையைத் தொட்டிருக்கும்வரை அவன் வாய் மூடியிருக்கும், எடுத்தால் குரல் வரும். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவன் அரை நொடி கூடுதலாக இழுத்துவிட்டால் இருவரும் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார்கள். மார்கழிக் குளிரில் கை விறைத்துப்போய் நான் ஜால்ராவில் ஓர் அடியை விட்டபோது எங்கள் பாகவதர் பார்த்த அதே பார்வை.

முதல் இரண்டு நாள் இதெல்லாம் வெறும் கோமாளித்தனம், சிறுவர்களுக்காகப் பூசிய சாயம் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் பிடிபட்டது. "மூன்றாம் அடிக்குப் பிறகு இரண்டு முறை தட்டு" என்று எழுதிக் கொடுத்தால் என் கை அதை மறந்துவிடும். "வருகிற கொழுக்கட்டையை விழுங்கு" என்றால் மறக்காது. பாகவதர் எங்களுக்கு ஐந்தையும் ஏழையும் எண்ணச் சொல்லிக்கொடுக்கவில்லை. தகதகிட, தகிடதகதிமி என்று வாயில் போட்டுவிட்டார். வாய்க்கு வந்தது கைக்குத் தானாக இறங்கியது. இந்த விளையாட்டைச் செய்தவர்களும் அதே வழியில் போயிருக்கிறார்கள். துறவியும் குரங்கும் அவர்களுடைய சொற்கட்டு.

இன்னொரு தந்திரமும் உண்டு. கண்ணை நம்பி ஆடினால் தோற்றுவிடுவோம். படத்தைப் பார்த்து, அது வந்த பிறகு தொட்டால் கை பிந்திவிடும். காதில் விழும் சைகையைக் கேட்டு, அடுத்தது எங்கே விழும் என்று உடம்பு முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அக்காள் மகன் கண்ணை மூடிக்கொண்டு ஆடச் சொன்னான். பாதி ஆட்டங்களில் உண்மையிலேயே மதிப்பெண் கூடியது.

லாக்ஸ்டெப் என்ற ஆட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வரிசை வரிசையாக நிற்கும் உருவங்கள் அடிக்கு ஒரு கால் வைத்து நடக்கின்றன. ஒரு குரல் கேட்டதும் மொத்தக் கூட்டமும் அரை இடம் தள்ளிக் கால் வைக்கத் தொடங்குகிறது. மறு குரலுக்கு மீண்டும் பழைய இடம். பாட்டில் அரை இடத்து எடுப்பு, அதாவது அடியில் தொடங்காமல் அரை அடி தள்ளித் தொடங்குவது, கேட்டிருப்பவர்களுக்கு விஷயம் புரியும், ஆனாலும் கை வராது. இருபது முறையாவது தோற்றிருப்பேன். காட்சி பின்னால் போய்ப் போய், நம் ஆள் எங்கே இருக்கிறான் என்றே தெரியாமல் எறும்புக் கூட்டமாகிவிடும். கடைசியில் மிதி இயந்திரத்தின் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சும்மா மிதித்தபடி ஆடினேன். குதிகால் இறங்கினால் அடி, முன்விரல் இறங்கினால் அரை இடம். அன்றே தேறிவிட்டேன். துணி வாங்க வந்த அம்மாள் ஒருவர், துணியும் இல்லாமல் நூலும் இல்லாமல் நான் என்ன தைக்கிறேன் என்று கேட்டார்.

குறை இல்லாமல் இல்லை. முதல் ஆட்டமே சுண்டுவதில் தொடங்குகிறது. எதிரெதிரே வரும் இரண்டு துண்டுகளுக்குள் ஆணி ஒன்றைச் சுண்டிச் செருக வேண்டும். புதியவரை வாசலிலேயே மிரட்டும் வேலை இது. நான் சுண்டியது பல முறை பதியவில்லை. திரையில் முன்பு ஆடியவன் போட்ட கீறல்கள் நிறைய. தவறு என் விரலிலா கண்ணாடியிலா என்று தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஒரே ஆட்டத்தில் திரும்பத் திரும்பத் தோற்றால், விளையாட்டுக்குள் இருக்கும் காப்பிக்கடைக்காரர் இரக்கப்பட்டு அடுத்ததற்குப் போக விடுகிறார். நான் இரண்டு முறை அந்த இரக்கத்தை ஏற்றுக்கொண்டேன்.

பழைய சரக்கு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் ஒரு கடையில் வாங்கிய கார்ட்ரிட்ஜ், அதாவது விளையாட்டு அடங்கிய சிறு வில்லை, போலி. ஆடியது எதுவும் பதிவாகவில்லை, அணைத்துப் போட்டால் மறுபடி முதல் ஆட்டம். இரண்டாவதாக வாங்கியது அசல். அதற்குக் கொடுத்தது பத்துப் பள்ளிச் சட்டைகளின் தையல் கூலி. எனக்கு வருத்தம் இல்லை, வீட்டில் உண்டு. டிஎஸ் விளையாட்டுகள் எந்த நாட்டில் வாங்கினாலும் எந்த டிஎஸ்ஸிலும் ஓடும். அடுத்து வந்த 3டிஎஸ்ஸின் விளையாட்டுகள் அப்படியல்ல, நாட்டுப் பூட்டு உண்டு. பார்த்து வாங்குங்கள்.

அக்காள் மகனின் பிஎஸ்பி என்ற சோனி கைக்கருவியில் படாபோன் என்ற தாள விளையாட்டும் ஆடினேன். ஒற்றைக் கண் உருவங்களுக்கு நாம்தான் தெய்வம், முரசு அடித்து ஆணையிட வேண்டும். பட பட பட பொன் என்றால் நடக்கும், பொன் பொன் பட பொன் என்றால் தாக்கும். கேட்டதும் நம் ஊர்ச் சொல்போலவே இருந்தது. ரோலிட்டோ என்ற பிரெஞ்சு ஓவியரின் நிழலுருவங்கள் அழகோ அழகு. ஆனால் ஆயுதம் சேர்ப்பது, பொருள் தேடி அதே இடத்துக்குத் திரும்பப் போவது என்று கணக்குப்பிள்ளை வேலை அதிகம். ரசிப்பவர்கள் ரசிக்கட்டும். எனக்கு அளவு நோட்டு ஒன்று போதும்.

இதே வகை விளையாட்டைத் தொலைக்காட்சியில் போட்டு ஆடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. பல தொலைக்காட்சிகள் படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டும். மற்ற விளையாட்டுகளில் அது தெரியாது, இதில் உயிரே போய்விடும். கையில் பிடிக்கும் கருவியில் ஒலியும் விரலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒயர் உள்ள இயர்போனைத்தான் மாட்ட வேண்டும், புளூடூத்தும் பிந்தும். ஒவ்வோர் ஆட்டமும் இரண்டு மூன்று நிமிடம்தான் என்பதால் ஒரு வாடிக்கையாளருக்கும் அடுத்தவருக்கும் நடுவே முடித்துவிடலாம். மேட்டுப்பாளையத்து ரயில் பற்சக்கரத் தண்டவாளத்தில் மூச்சிரைத்து ஏறி வரும் நேரத்தில் மட்டும் நான் ஆடுவதில்லை. அதன் தாளம் வேறு, இயர்போனையும் தாண்டி உள்ளே வந்துவிடும்.

இந்த வரிசையில் ரிதம் ஹெவன் குரூவ் என்ற புதியது ஸ்விட்ச் கருவிக்கு 2026-இல் வரும் என்று 2025 மார்ச்சில் நின்டெண்டோ அறிவித்தது. அக்காள் மகன் இப்போதே பேசத் தொடங்கிவிட்டான். எனக்கு அவசரமில்லை. நான்கு ஆட்டங்களுக்கு ஒருமுறை அவற்றையெல்லாம் கலந்துகட்டி ஒரு ரீமிக்ஸ் வரும். அதில் கொழுக்கட்டையிலிருந்து கைதட்டலுக்குத் தாவுவதற்குள் மூச்சு நின்றுவிடும். அப்படி இரண்டு பாக்கி இருக்கின்றன. மே மாதம் பள்ளிச் சீருடைத் துணி வந்து குவிவதற்குள் முடித்தாக வேண்டும். பெல்ட்டை இன்னும் மாட்டவில்லை.