கோடைப் பண்பலை 100.5: மதுரை–பழனி சாலையில் கேட்டது

பண்பலை நிலையங்களை ஒப்பிட்டுப் பார்க்க மதுரையிலிருந்து பழனி செல்லும் சாலை மிகவும் ஏற்றது. நகருக்குள் இருக்கும்வரை சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, அகில இந்திய வானொலியின் மதுரை நிலையம் 103.3, ஹலோ 106.4 என்று பொத்தானை அழுத்த அழுத்த ஏதாவதொரு குரல் கிடைத்துக்கொண்டே இருக்கும். திண்டுக்கல்லைக் கடந்து ஒட்டன்சத்திரத்தை நெருங்கும்போது என் வண்டியில் அவை ஒவ்வொன்றாக இரைச்சலில் அமிழ்ந்துவிடுகின்றன. பழனி அடிவாரம்வரை தெளிவு குன்றாமல் உடன் வருவது அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் நிலையமான கோடைப் பண்பலை ஒன்றுதான்.

இதில் மாயம் ஏதுமில்லை. பண்பலை அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை என்பதால், கோபுரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு தொலைவுக்கு அவை எட்டும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலிருக்கும் கொடைக்கானலில் 10 கிலோவாட் ஒலிபரப்பியை நிறுவினால், திண்டுக்கல், மதுரை, தேனி, கரூர், திருப்பூர் என்று பல மாவட்டங்களும் அதன் காலடியில் கிடக்கின்றன.

இந்த உயரம் நிலையத்தின் தமிழையும் தீர்மானித்துவிட்டது என்பதே பல ஆண்டுகள் கேட்டபின் எனக்குத் தோன்றுவது. தனியார் நிலையங்களுக்கு உரிமம் நகரம் நகரமாக ஏலத்தில் தரப்படுகிறது. மதுரை நிலையத்துக்குப் பணம் தருபவை மதுரையின் நகைக்கடைகளும் ஜவுளிக்கடைகளும் என்பதால், அறிவிப்பாளரும் அந்தக் கடைகளுக்குள் நுழையக்கூடிய இளைஞரை நோக்கியே, அவர் தெருவில் பேசும் தமிழிலேயே பேசுகிறார். ‘மக்களே’ என்று விளிப்பதும், ‘வாங்கண்ணே’, ‘என்னா மாப்ள’ என்று தொலைபேசியில் கலாய்ப்பதும் அதனால்தான். அதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன்; மதுரைத் தமிழ் வானொலியில் கூச்சமின்றி ஒலிப்பதற்கு வழி செய்தவர்கள் இவர்களே. ஆனால் கரூரில் கொசுவலை நெய்பவரும், தேனியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவரும், திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவரும் ஒரே நேரத்தில் கேட்கும் நிலையத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்த ஊருக்கும் சொந்தமில்லாத, எல்லா ஊருக்கும் புரிகிற ஒரு தமிழை அது தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘அன்பான நேயர்களே’ என்ற பழைய விளி அங்கே இன்றும் பொருந்தி ஒலிப்பதற்கு அரசு நிலையம் என்பது பாதிக் காரணந்தான்.

நிகழ்ச்சிகளின் அமைப்பிலும் இந்தப் பரப்பு தெரிகிறது. காலையில் பக்திப் பாடல்கள், செய்திகள், அதன்பின் சாகுபடி, உடல்நலம் பற்றிய உரையாடல்கள் என்று நாள் நகரும். செய்தி என்பது இங்கே பெரிய வேறுபாடு. தனியார் பண்பலைகள் தாமே செய்தி தயாரிக்க அனுமதியில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவே. விவசாய நிகழ்ச்சியைக் கேட்டு நகரவாசிகள் சிரிக்கலாம். 1960களில் திருச்சி வானொலி வழியாகப் பரவிய ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தைத் தஞ்சை விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்டத் தோன்றும்.

நேயர் விருப்பம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாடலைவிட அதற்கு முன் வாசிக்கப்படும் ஊர்ப்பெயர்களையே நான் கவனித்துக் கேட்பேன். பேருந்துப் பலகையில்கூட இடம்பெறாத சிற்றூர் ஒன்றின் பெயரும், அங்கே பாட்டுக் கேட்கும் குடும்பத்தார் அத்தனை பேரின் பெயர்களும் பொறுமையாக உச்சரிக்கப்படும்போது, அந்த வீட்டில் யாரோ ஒருவர் அடுத்த அறைக்குக் குரல் கொடுப்பது எனக்குக் கேட்பதுபோல் இருக்கும். நகர நிலையம் இவ்வளவு நேரத்தைப் பெயர்களுக்குத் தராது. இரவு பத்து மணிக்கு மேலோ எல்லா நிலையங்களும் வேறுபாட்டை மறந்து இளையராஜாவிடம் வந்து சேர்ந்துவிடுகின்றன. அப்போது எதைத் திருப்பினாலும் ஒன்றுதான்.

இடைவிடாது புதுப் பாடல்களை எதிர்பார்ப்பவர்களுக்குக் கோடைப் பண்பலை ஒத்துவராது. சர்க்கரை நோய் பற்றி மருத்துவர் நிதானமாக விளக்கும் வேளையில், கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன் பின்னிருக்கையிலிருந்து எட்டி நிலையத்தை மாற்றிவிடுவான். அவனை நான் தடுப்பதில்லை. திண்டுக்கல் தாண்டியதும் இரைச்சல் பொறுக்காமல் அவனே 100.5க்குத் திரும்பிவிடுவான்.

கேட்கும் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது வரும் கைபேசிகள் பலவற்றில் பண்பலை வசதியே இல்லை. இருப்பவற்றிலும் இயர்போனின் வயரே ஏரியலாக வேலை செய்வதால் அதைச் செருகினால்தான் நிலையம் கிடைக்கும். இணையம் வழியே கேட்டால் ஒலி சற்றுப் பிந்தியே வருகிறது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் நான் வழக்கமாக நிற்கும் கமிஷன் கடையில், தராசுக்கு மேலே ஆணியில் தொங்கும் பழைய பெட்டியில் செய்தி தொடங்கும்போதுதான் கணக்குப்பிள்ளை தம் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறார்.